பட்டத்துக்கு என்ன விலை?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவொற்றியூரில் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அன்று கையில் காலண்டர் தாள் ஒன்றை மடித்து வைத்திருந்தார். அதன் பின்பக்கம் முழுவதும் பென்சில் கணக்கு.

"சார், நீங்க நாலு புஸ்தகம் படிச்சவரு. பையனுக்கு ரேங்க் வந்துட்டுது. தனியார் காலேஜ்ல மெக்கானிகல் இன்ஜினீயரிங் கெடைக்கும்ன்றாங்க. வூட்ல செயினை அடகு வெச்சிரலாம்னு சொல்லுது. போட்ட துட்டு திரும்பி வருமா, வராதா? அத்த மட்டும் சொல்லுங்க" என்றார்.

கதை எழுதுகிறவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? நான் பட்டம் வாங்கியவன் அல்ல. பட்டத்தின் விலை எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவர் தாளை மேஜைமேல் விரித்துவிட்டார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கணக்கு தெளிவாக இருந்தது. கல்லூரிக் கட்டணம் வருஷத்துக்கு 50,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 2,00,000. பஸ், புத்தகம், சாப்பாடு, துணிமணி எல்லாம் சேர்த்து இன்னொரு 1,00,000. அதோடு அவர் நின்றுவிடவில்லை. பையன் படிக்கப் போகாமல் எண்ணூர்ப் பக்கம் காண்டிராக்டில் வேலைக்குப் போனால் மாதம் 12,000 கொண்டுவருவான். நாலு வருஷத்தில் அது 5,76,000. படிப்பதனால் அது போகிறது அல்லவா? ஆக மொத்தம் 8,76,000 ரூபாய். படித்து முடித்த பையன்களுக்கு இந்தப் பக்கத்தில் ஆரம்பத்தில் 17,000 தருகிறார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறார். வித்தியாசம் மாதம் 5,000. போட்டதை எடுக்கப் பதினாலரை வருஷம் ஆகும். வட்டி தனி.

வராத கூலியையும் செலவில் எழுத வேண்டும் என்று பொருளாதார நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. இந்த மனிதர் யாரும் சொல்லிக் கொடுக்காமல் காலண்டர் தாளில் எழுதிவிட்டார். "ஒரு வாரம் டயம் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டியதிலும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் சுற்றியதிலும் எனக்குக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

ராயபுரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் அங்கேயிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பெரம்பூரில் ரயில்வே பட்டறை எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். அடுத்து 1876-ல் பக்கிங்ஹாம் மில், 1881-ல் கர்னாடிக் மில். அதே 1881-ல், கட்டி முடிகிற தறுவாயில் இருந்த துறைமுகத்தைப் புயல் வந்து உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். நீராவி இயந்திரங்களும் கொதிகலன்களும் பாரம் தூக்கும் கிரேன்களுமாக வட சென்னை ஓர் இயந்திரப் பேட்டையாகவே ஆகிவிட்டது.

அப்போது இந்த ஊரில் இன்ஜினீயரிங் கல்லூரி இல்லையா? இருந்தது. 1794-ல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்து, பின்னால் கல்லூரியாக வளர்ந்து, 1920-ல் கிண்டிக்குக் குடிபோனதே, அந்தக் கல்லூரிதான். ஆனால் அங்கே மெக்கானிகல் இன்ஜினீயரிங் ஒரு தனிப் படிப்பாக வந்தது 1894-ல்தான். ராயபுரத்து ரயில் ஓட ஆரம்பித்து முப்பத்தெட்டு வருஷம் கழித்து! அந்த முப்பத்தெட்டு வருஷமும் ரயில் நிற்கவில்லை, மில் நிற்கவில்லை. மேலே சீமையிலிருந்து வந்த இன்ஜினீயர்கள். கீழே கொல்லுப்பட்டறையிலும் தச்சுப்பட்டறையிலும் கை பழகி வந்த நம்மவர்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நம்மூர்ப் பட்டதாரிக்கு இடமே இருக்கவில்லை.

அப்படியானால் கல்லூரி யாருக்காக? சர்க்காருக்காக. நிலம் அளக்க, ஏரி வெட்ட, அணை கட்ட, சாலை போட ஆட்கள் தேவைப்பட்டார்கள். மராமத்து இலாகா ஒன்றுதான் பட்டத்துக்குப் பெரிய வியாபாரி. அது உத்தியோகம் கொடுத்தால் பட்டத்துக்கு விலை உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை.

இந்தக் குறையைக் கண்டுகொண்டவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1888-ல் சென்னை இன்ஜினீயரிங் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். பிறகு கலைத் தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யக் கற்றுக்கொடுத்தார். குரோம் முறையில் தோல் பதனிட வழி செய்தார். கிணற்று நீர் இறைக்க எண்ணெய் இன்ஜின் வைத்துக் காட்டினார். தொழில் இருந்தால்தான் தொழிற்கல்விக்கு மதிப்பு வரும் என்பதைச் செய்து காட்ட முயன்றவர் அவர். தொழிற்கல்விக் கூடங்களை முதலாளிகளோடு நெருங்க வைப்பது எப்படி என்று விசாரிக்க சர்க்காரே இரண்டு பேரை அமர்த்தி, 1912-ல் அவர்கள் அறிக்கை தந்தார்கள். நெருக்கம் இருந்திருந்தால் விசாரணை எதற்கு? அதற்குப் பின்னால் 1916 முதல் 1918 வரை இந்தியத் தொழில் கமிஷன் உட்கார்ந்தது. சாட்டர்டனும் அதில் ஓர் அங்கத்தினர். மெக்கானிகல் இன்ஜினீயர் உருவாக வேண்டிய இடம் பட்டறைதான், வகுப்பு அதற்குத் துணை என்பது அந்தக் கமிஷனின் அபிப்பிராயம்.

கமிஷன் உட்கார்ந்த அதே 1916-ல் பிராட்வேயில் மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூல் என்ற தொழிற்பள்ளி திறந்தது. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரம். அதுதான் 1946-ல் சென்ட்ரல் பாலிடெக்னிக் ஆகி, பிறகு தரமணிக்குப் போய்ச் சேர்ந்தது. இப்படி இந்த ஊரில் இரண்டு ஏணிகள் உண்டாயின. ஒன்று பட்டத்துக்கு ஏறுவது. மற்றொன்று பட்டறையிலிருந்து ஏறுவது. ஓர் ஏணியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது லேசான காரியமாக இருக்கவில்லை.

*

காகிதத்தின் விலையைப் பற்றிப் பேசும்போது துறைமுகத்து ஆபீஸில் உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். கும்பகோணத்தில் ஒரு முறையும், சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலிருந்து மறுபடியும் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர். கணக்கைத் தவிர வேறெதுவும் அவருக்கு ஏறவில்லை. பெயர் ஸ்ரீனிவாஸ ராமானுஜன்.

அந்தத் துறைமுகத்தின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் ஓர் இன்ஜினீயர். மணல் வந்து அடைத்துக்கொண்டிருந்த துறைமுகத்தின் வாயையே கிழக்கிலிருந்து வடகிழக்குக்குத் திருப்பிக் கட்டியவர். ராமானுஜனைப் பற்றி அவருக்கு அக்கறையோடு எழுதியவர் கிரிஃபித் என்ற இன்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர். அவரே லண்டனில் தமக்குத் தெரிந்த கணிதப் பேராசிரியர் ஹில்லுக்கும் எழுதிக் கேட்டார். கணக்கு மேலதிகாரி நாராயண ஐயர் கூடவே இருந்து ஆதரித்தார். 1913-ல் சென்னைப் பல்கலைக் கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் தந்தது.

இதிலிருந்து பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ராமானுஜன்கள் தெருவுக்கு ஒருவர் பிறப்பதில்லை. நான் கவனித்தது வேறு. மனிதர் ஒருவர்தான், அறிவும் அதே அறிவுதான். 1912-ல் 30 ரூபாய். ஒரு வருஷம் கழித்து 75. நடுவில் நடந்தது என்ன? எடை பார்க்கத் தெரிந்த நாலு பேர் கண்ணில் அவர் பட்டார். அவ்வளவுதான்.

*

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கே யோகம் அடித்தது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பமாயிற்று. எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள்; பிறகு லேலண்டோடு சேர்ந்து லாரி, பஸ்; 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயரே மாறிற்று. ராணுவம் 1952-ல் 800 புல்லட் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதையொட்டி 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்பீல்டும் கூடி என்பீல்டு இந்தியாவை ஏற்படுத்தின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. சாணைக்கல் செய்ய கார்போரண்டம் கம்பெனி. தீப்பெட்டிக்கு விம்கோ ஏற்கெனவே இருந்தது. பெரம்பூரில் 1955-ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை. சங்கு ஊதும் நேரத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சைக்கிள்கள் ஆறாகப் போகும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த நாளில் பட்டத்தின் விலை என்ன? அதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. சி. ராஜம் என்ற தொழிலதிபர் தம் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு, 1949-ல் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜியை ஆரம்பித்தார். 1954-ல் ராமேசுவரத்திலிருந்து ஓர் இளைஞர் அங்கே விமானப் பொறியியல் படிக்க வந்தார். சேர்வதற்கு ஆயிரம் ரூபாய் போல வேண்டும். தகப்பனாரிடம் இல்லை. அக்காள் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தத் தம்பிதான் அப்துல் கலாம். 1958-ல் சர்க்கார் உத்தியோகத்தில் அவருக்குக் கிடைத்த அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். அதாவது சேர்க்கைப் பணம் முழுவதும் நாலு மாதச் சம்பளம்.

இதைப் படித்ததும் காலண்டர் தாள் ஞாபகம் வந்தது. பிட்டர் கணக்குப்படி இன்றைக்கு முதல் வருஷக் கட்டணம் 50,000. ஆரம்பச் சம்பளம் 17,000. மூன்று மாதச் சம்பளம்! அப்படிப் பார்த்தால் படிப்புக்கான விலை ஏறிப்போயிற்று என்று புலம்புவதற்கு இடமில்லை. மாறியது வாசல் பக்கம். அன்றைக்குப் படித்து வெளியே வந்தவர்கள் கொஞ்சம். திறந்துகொண்டிருந்த தொழிற்சாலைகள் பல. வாசலில் நின்று ஆளைத் தேடினார்கள். இன்றைக்கு ஆட்கள் வாசலைத் தேடுகிறார்கள்.

அந்த நல்ல காலத்திலும் ஒருவர் இந்தப் படிப்புக்கு இத்தனை வருஷம் எதற்கு என்று கேட்டார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. 1945-ல் அங்கே ஆர்தர் ஹோப் பெயரால் இன்ஜினீயரிங் கல்லூரி ஏற்படக் காரணமாக இருந்து, அதன் பிரின்ஸிபாலாகவும் இருந்தவர். நாலு வருஷப் படிப்பு பையன்களுடைய காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷம் போதும் என்றார். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். நம் பிட்டர் 5,76,000 என்று எழுதினாரே, அந்த வராத கூலியைப் பற்றித்தான் நாயுடு வாதாடினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டறையிலிருந்து ஏறுகிறவனுக்கும் ஒரு வழி இருந்தது. 1920-ல் சென்னையில் பதிவான இன்ஜினீயர்கள் சங்கம் ஏ.எம்.ஐ.இ. என்ற பரீட்சையை நடத்தியது. பகலில் ஷிப்ட், இரவில் படிப்பு. இரண்டு பகுதியும் தேறினால் பட்டத்துக்குச் சமம். எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் புத்தகம் புரட்டி இன்ஜினீயரானவர்கள் இந்தப் பக்கத்திலும் உண்டு. 2013 மே மாதத்துக்குப் பிறகு பதிவு செய்கிறவர்களுக்கு அந்தச் சமத்துவம் இல்லை என்று மத்திய அரசு நிறுத்திவிட்டது. பக்கவாட்டுக் கதவு ஒன்று சாத்தப்பட்டது.

*

யோகம் என்றும் நிற்பதில்லை. இரண்டு மழை பொய்த்து, நாட்டில் தொழில் மந்தம் வந்து, 1960-களின் கடைசியில் இன்ஜினீயர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். 1968-ல் கல்லூரிச் சேர்க்கையையே குறைக்க வேண்டி வந்தது. அணைகளும் ஆலைகளும் கட்டிக்கொண்டிருந்த தேசத்தில் இன்ஜினீயர் அதிகப்பட்டுப் போனார்! மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயார்ட், மோரீன் உட்ஹால் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இந்தியப் பட்டதாரிகளின் வேலையின்மையை ஆராய்ந்து 1969-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். படிப்பில் போட்ட பணத்துக்கு என்ன வட்டி கிடைக்கிறது என்று நம் பிட்டரைப் போலவே கணக்குப் பார்த்தார்கள். வேலைக்குக் காத்திருக்கும் காலத்தைச் சேர்த்தாலும், படிக்கிறவனுக்குத் தனிப்பட்ட முறையில் படிப்பு லாபமாகவே இருந்தது. செலவில் பெரும்பகுதியைச் சர்க்கார் ஏற்றதனால்தான் அப்படி என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்தச் சர்க்கார் கை மெல்ல விலகியது. தமிழ்நாட்டில் 1984 முதல் சுயநிதிக் கல்லூரிகள் வந்தன. ஐந்நூறுக்கு மேல் பெருகின. செலவு வீட்டுக்காரன் தலையில் ஏறிற்று. வாசலில் கூட்டமும் ஏறிற்று. மெக்கானிகல் என்றால் ராஜா படிப்பு என்று சில வருஷங்களுக்கு முன்வரை அதற்கே போட்டி இருந்தது. பிறகு காற்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, மெக்கானிகல் இடங்கள் காலியாகக் கிடந்ததையும் பார்த்தோம். பாடம் அதே பாடம். விலை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது.

இத்தனை ஆட்டத்திலும் ஒரு சரக்கு விலை போகாமல் இருந்ததில்லை என்று என்பீல்டு கதையிலிருந்து தெரிந்துகொண்டேன். முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரிப் பாகங்களாக வந்ததைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யக் கற்றார்கள். 1970-க்குள் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. 1977-ல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பல் ஏறியது. கற்றுக்கொடுத்த ஊரில் கடை அடைத்துவிட்டார்கள். கற்றுக்கொண்ட ஊர் அவர்களுக்கே வண்டி விற்றது. ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, அளந்து, அதைப் போல் இன்னொன்றைச் செய்ய முடிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். வரைபடத்தைப் படித்தவரும் அரம் பிடித்தவரும் ஒரே கூரையின் கீழ் நின்றதனால் நடந்த காரியம் அது.

*

மறு ஞாயிற்றுக்கிழமை நானே அவர் வீட்டுக்குப் போனேன். அம்மாள் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள். கழுத்தில் சங்கிலி இருந்தது. பையன் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் கணக்கில் விட்டுப்போன வரவைச் சொன்னேன். இந்த வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை 2010-லிருந்து இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து ஏழரை சதவீத இடமும் முழுக் கட்டணமும் உண்டு. ஆனால் பையன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அது இல்லை.

அடுத்து, கணக்கில் ஒரு பிசகு. முதல் மாதச் சம்பளத்தோடு முதல் மாதச் சம்பளத்தை ஒப்பிட்டிருக்கிறார். காண்டிராக்ட் கூலி பத்து வருஷம் கழித்தும் பெரிதாக ஏறாது. பட்டதாரியின் சம்பளம் ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஏறுவது அவன் எந்தப் பட்டறையில் என்ன கற்றுக்கொள்கிறான் என்பதைப் பொறுத்தது. "நாலு வருஷம் கழிச்சு வாசலில் யார் நிற்பார்கள் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, காலேஜ்காரருக்கும் தெரியாது. 1954-ல் வளையலை வைத்தவர்களுக்கு வாசல் திறந்திருந்தது. 1968-ல் படித்து வந்தவர்களுக்கு மூடியிருந்தது. இருவரும் படித்தது ஏறக்குறைய ஒன்றுதான்" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், முப்பத்திரண்டு வருஷம் நான் பண்ண ஜாப்புக்கு எல்லாம் வேற ஒருத்தன் கையெழுத்துப் போட்டான். என் மகன் வயசுப் பையன். தப்பு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. இவன் கையெழுத்துப் போடணும் சார். அதான்."

காலண்டர் தாளில் இல்லாத தொகை இது. அதற்கு விலை உண்டு என்று நான் மறுக்கமாட்டேன். ஆனால் அடகுக் கடைக்காரர் அதை வட்டியாக ஏற்றுக்கொள்ளமாட்டார். அதையும் அவரிடம் சொன்னேன். தரமணியில், பழைய பிராட்வே பள்ளியின் வாரிசான சர்க்கார் பாலிடெக்னிக்கில் டிப்ளமா இருக்கிறது, பிளஸ் டூ முடித்தவன் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம், கட்டணம் சொற்பம். டிப்ளமா முடித்தால் பட்டப்படிப்பிலும் நேரே இரண்டாம் வருஷம். மொத்தத்தில் ஒரு வருஷம் கூடுதல். நடுவில் வாசல் எப்படியிருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கையும் பழகியிருக்கும். கையெழுத்துக்கும் வழி அடைபடவில்லை.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கணவனிடம் ஒன்றும் சொல்லாமல் மகனிடம் கேட்டாள்: "உனக்கு மிஷின் வேலை புடிக்குமாடா? அத்த இதுவரைக்கும் யாரும் கேக்கலியே."

பையன் கூச்சத்தோடு மூலையைக் காட்டினான். அங்கே அப்பாவின் பழைய வெர்னியர் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தது. பக்கத்தில் வீட்டு மிக்ஸி பாகம் பாகமாகப் பிரித்துக் கிடந்தது.

"பூட்டத் தெரியுமா?" என்று கேட்டார் தகப்பனார்.

"ரெண்டு தபா பூட்டிட்டேம்பா" என்றான்.

சங்கிலி அவள் கழுத்திலேயே இருக்கிறது. பையன் இப்போது தரமணிக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.